ஒன்பதாம் காப்புப் பிரதி

இசக்கியப்பன் அண்ணாச்சி சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும், மீதியை ஆற வைத்துக் கேட்க வேண்டும் என்பார் எங்கள் கேண்டீன் மீரான் பாய். நான் முழுசையும் தள்ளிவிடுகிற ஆள். அன்றைக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அந்த மனுஷனை நம்பித் தொலைத்தேன். அதில்தான் மாட்டினேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கொக்கரைப்பாறை புனல் மின் நிலையம், மலை மேல், காட்டுக்கு நடுவில். நான் அங்கே டர்பைன் ஃபிட்டர். பெயர் தளவாய், வயது முப்பத்தாறு. செல்போனுக்கு சிக்னல் கிடையாது. இல்லாத சிக்னலுக்கு எதற்குப் போன் என்று வாசல் கேட்டிலேயே வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். வெளியிலிருந்து எவனும் கம்ப்யூட்டர் வழியாகப் புகுந்து மதகைத் திறந்துவிடக் கூடாது அல்லவா, அதனால் இன்டர்நெட் கம்பி மலை ஏறவே கூடாது என்று உத்தரவு. ஊரில் எல்லோரும் எங்கோ கிடக்கிற கம்ப்யூட்டர்களை இன்டர்நெட் வழியாக வாடகைக்கு எடுத்துக்கொண்டு 'கிளவுடு' என்கிறார்களே, அந்த ஏற்பாடு மொத்தத்தையும் நாங்கள் கேண்டீனுக்குப் பக்கத்து அறையில் எட்டு சர்வர்களில் சொந்தமாக வைத்திருக்கிறோம். அதைக் கட்டி மேய்ப்பவர்தான் இசக்கியப்பன் அண்ணாச்சி.

இன்டர்நெட் இல்லாததால் சர்வருக்கு ஒரு குறையும் வரவில்லை. எனக்குத்தான் வந்தது. எட்டு வரன் தட்டிப் போயிற்று. "பையன் தங்கம்தான், ஆனா நெட் இல்லாத காட்டுல எங்க புள்ள எப்படி இருப்பா?" என்று எட்டு வீட்டிலும் ஒரே பதில், பேசி வைத்துக்கொண்டது மாதிரி.

ஒன்பதாவது, அம்பைக்குப் பக்கத்தில் செண்பகவல்லி. தபால் ஆபீஸில் வேலை. போட்டோவைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது, அதை ஒளிப்பானேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவளுடைய அண்ணன் ஆறே காலுக்கு ரயிலுக்குக் கிளம்பிவிடுவார். அவர் பார்க்காமல் பேச்சு நகராது. என் அம்மாவும் மாமாவும் நேரே அங்கே வந்துவிடுவார்கள். நான் நாலு மணி ஸ்டாஃப் பஸ்ஸைப் பிடித்தால் ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். அதை விட்டால் மறுநாள்தான் பஸ்.

வெள்ளைச் சட்டை போட்டு, பவுடர் பூசி, கேண்டீனில் போய் உட்கார்ந்தேன். சுவர்க் கடிகாரம் இரண்டு ஐம்பது காட்டியது. டர்பைனில் மாட்டிக்கொள்ளும் என்று ஃபிட்டர் யாரும் கைக்கடிகாரம் கட்டுவதில்லை.

"இப்பமே என்னலே பறக்கே? உக்காரு," என்று எதிரில் வந்து உட்கார்ந்தார் அண்ணாச்சி. "பொண்ணு வீட்ல கேட்டா தைரியமாச் சொல்லு. நெட்டு இல்லாட்டி என்ன, எங்ககிட்ட இசக்கியப்பன் இருக்காருன்னு."

"ஆரம்பிச்சுட்டாருய்யா," என்று பஜ்ஜி மாவைக் கரைத்தபடியே முனகினார் மீரான் பாய்.

"போன ஆடில ஒரு அப்டேட் வந்துச்சு பாத்துக்கிடும். ஊர்க்காரனுக்கு அப்டேட்டு ஒயர்ல வரும். நமக்கு ஒயரு ஏது? கீழ் ஆபீஸ்ல போயி பென் டிரைவ்ல ஏத்தி, ஜீப்பு பின்சீட்டுல வச்சேன். முத வளைவு தாண்டல, முன்சக்கரம் ரெண்டும் ஆகாசத்துல நிக்கி!"

"ஏன்வே?"

"பாரம்! நாப்பது ஜிபில்லா?"

"பென் டிரைவு எங் கட்டவெரல் தண்டிதானவே இருக்கு?"

"வெறுஞ் சாக்கும் நெல்லு ரொம்புன சாக்கும் ஒரே எடையா பாய்? நான் பானெட்டு மேல குப்புறப் படுத்துப் பாரம் குடுத்துத்தான் மலையேறுனோம். ஆக்னஸ்ட்டக் கேளும்."

ஆக்னஸ் அக்கா எங்கள் கேட் பொறுப்பாளர். ஜீப்பையும் அவர்தான் ஓட்டுவார். மலைக்குள் வருகிற, போகிற ஒவ்வொரு பொருளையும் எழுதுகிற பதிவேடும் அவர் கையில்தான். அவர் அந்த நேரத்தில் அங்கே இல்லை என்பதால்தான் அவரைச் சாட்சிக்கு இழுத்தார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"அது கெடக்கட்டும். அந்த அப்டேட்டப் போட்டா, சாஃப்ட்வேரு மொரண்டு பிடிக்கி. முப்பது நாளைக்கு ஒருக்கா அது தன் கம்பெனிக்காரன்ட்டப் பேசணுமாம். இல்லன்னா ஓடாதாம். நெட்டு இல்லாம எப்படிப் பேசும்? சேர இழுத்து எதுத்தாப்ல போட்டு உக்காந்தேன். 'ஏ அம்மாடி, ஒங் கம்பெனில எல்லாரும் சொகம். மொதலாளி மகளுக்குப் போன வாரம் வளைகாப்பு. ஒன்னத்தான் எல்லாரும் கேட்டாவ'ன்னேன். ஸ்கிரீன் கலங்கிப் போச்சுவே! ஏங்கி ஏங்கி அழுதுட்டு, இன்னும் ஆறு வருசத்துக்கு ஓடுதேன்னு எழுதிக் காட்டிச்சு."

"வளைகாப்புல என்ன சோறுன்னு கேக்கலியா அண்ணாச்சி?" என்றேன்.

"கேட்டுச்சு. ஏழு வகைன்னேன்."

சிரிப்பை அடக்க முடியாமல் டீ எனக்கு மூக்கில் ஏறிவிட்டது. வெள்ளைச் சட்டையில் படாமல் தப்பித்தது தெய்வச் செயல். மணி மூன்று ஐந்து.

"வைரஸு கத தெரியுமாலே ஒனக்கு? ஒரு பெரிய ஆபீசரு பென் டிரைவ்ல ஒட்டிக்கிட்டு உள்ள வந்துட்டு. வந்து நோட்டம் பாக்கு, வெளிய போக வழி இல்ல. திருடுனத எசமானுக்கு அனுப்ப நெட்டு வேணும்லா? மூணு நா பட்டினி. நாலாம் நாளு கதவத் தட்டுது. 'அண்ணாச்சி, ஏதாவது ஒரு வேல போட்டுக் குடுங்க'ன்னு."

"குடுத்தீரா?" என்றார் பாய்.

"இப்பம் வருகைப் பதிவேடு அதாம் பாக்கு. ரெண்டு வருசத்துல ஒரு நா லீவு கேக்கல."

"போன மாசம் எனக்கு நாலு நாள் ஆப்சென்ட் போட்டது அதுதானா?"

"பழைய புத்தி லேசா இருக்கும்லா. அனுசரிச்சுப் போலே."

மீரான் பாய் கரண்டியை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் கோபம் வந்தால் உட்காருவார். "இனி நீரு ஒரு புளுகு விட்டீருன்னா பஜ்ஜி கெடையாது."

"புளுகா? கார்த்திகைல ஏசி நின்னு போச்சே, அது புளுகா?" நின்றது உண்மைதான். "சன்னலத் தொறந்து விட்டேன். மலப்பனி பூரா உள்ள எறங்கிட்டு. எட்டு சர்வரும் வெறச்சு, உள்ள கெடந்த ஃபைலு பூரா ஐசுக்கட்டியாட்டம் கட்டி தட்டிப் போச்சு. உளி வச்சு வெட்டி எடுத்து, பாயோட தோசக்கல்லுல போட்டு உருக்கி, ஆறுனப்பொறம் ஊத்தி வச்சேன்."

"எங் கல்லுலயா? எப்பம்வே?"

"நீரு ஜும்மாவுக்குப் போயிருந்தீரு. அதுக்குப் பொறவுதானவே ஒம்ம தோச முறுகலா வருது?"

பாய் திரும்பித் தன் தோசைக்கல்லைப் பார்த்தார். கார்த்திகைக்குப் பிறகு தோசை நன்றாக வருகிறது என்று நிலையமே சொல்லிக்கொண்டிருந்தது. தன் கைப்பக்குவம் என்று அவர் நினைத்திருந்தார் போலிருக்கிறது. பாவமாக இருந்தது எனக்கு.

பாய் மடங்கியதும் அண்ணாச்சிக்குக் கொம்பு முளைத்துவிட்டது. அடுத்தது பேக்கப். சர்வரில் உள்ள அத்தனைக்கும் வாரம் ஒருமுறை காப்புப் பிரதி எடுத்து, எட்டு டிஸ்க்குகளாகத் தகரப் பெட்டியில் வைத்து, அரக்கு முத்திரை போட்டு, வெள்ளிக்கிழமை தோறும் ஜீப்பில் கீழ் ஆபீஸுக்கு அனுப்புவோம். மேலே எது அழிந்தாலும் கீழே இன்னொன்று இருக்கும்.

"தை மாசம் பேக்கப்பு ஓடுதப்பம் ஒரு வாலறுந்த கொரங்கு வந்து சர்வரு மேல உக்காந்துட்டு. நானும் கவனிக்கல. காலைல மலைல வாலறுந்த கொரங்கு ஒண்ணு. சாயங்காலம் ரெண்டு!"

"ரெண்ட நானும் பாத்திருக்கேன்," என்றார் பாய், தோற்ற குரலில்.

"அப்படிச் சொல்லும்! மனுசனையே பேக்கப்பு எடுத்துக் கீழ அனுப்பிருவேன். சட்டந்தான் எடங்குடுக்க மாட்டேங்கு."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நாற்பது.

"அத என்னத்துக்குலே பாக்கே? அது என் சர்வரு காட்டுத நேரம். ஊர்ல உள்ள கம்ப்யூட்டரு பூரா நேரத்த இன்டர்நெட்ல எரவல் வாங்குது. நம்மது சொந்த நேரம். ஒரு நா காலைல சூரியன் மலைக்கு மேல தலைய நீட்டுது. நம்ம கடிகாரத்துல இன்னும் அஞ்சு நிமிசம் கெடக்கு. ஒரு பார்வ பாத்தேன். உள்ள போயிட்டு அஞ்சு நிமிசம் கழிச்சு வந்துச்சு."

எல்லாம் சரி, ஃபிட்டர் புத்தி சும்மா இருக்காதே. எந்தச் சக்கரமும் இன்னொரு சக்கரத்தால்தான் சுற்றும். "சர்வருக்கு நேரம் யாரு சொல்லுதா அண்ணாச்சி?"

"நாந்தான். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம என் கைக்கடிகாரத்தப் பாத்து வப்பேன்."

"ஒங்க கைக்கடிகாரத்துக்கு?"

"அது சாவி குடுக்குத கடிகாரம்லா, அப்பப்பம் நின்னுரும். சர்வரப் பாத்துத் திருப்பி வச்சுக்கிடுவேன்."

இதைச் சொல்லும்போதுதான் அவர் அளக்காமல் சாதாரணமாகப் பேசினார். நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஆக்னஸ் அக்கா பதிவேட்டோடு உள்ளே வந்தார்.

"ஏ தளவாய், நீ போகல? பஸ்ஸு போயி இருவத்தஞ்சு நிமிசம் ஆச்சே!"

"ஹாரன் அடிக்கலியே அக்கா!" நாங்கள் யாரும் மணி பார்த்துப் பஸ் ஏறுகிறவர்கள் இல்லை. டிரைவர் மலையே அதிர ஹாரன் அடிப்பார், ஓடிப்போய் ஏறுவோம்.

"வளைவுல ஆனை குட்டியோட நிக்கி. ஹாரன் அடிக்கப்பிடாதுன்னு ஃபாரஸ்ட்டுக்காரவுக சொல்லிட்டாவ." அக்கா சுவரைப் பார்த்தார். "கேட்டுப் பெட்டில கெடக்க அறுவது போனும் நாலு இருவத்தஞ்சுங்குது. இது என்ன மூணு நாப்பத்திரண்டுங்கு?"

"அறுவதும் தப்பா இருக்கும்," என்றார் அண்ணாச்சி. ஆனால் குரல் இறங்கிவிட்டது.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். எட்டு பேர் நெட் இல்லை என்று வேண்டாம் என்றார்கள். ஒன்பதாவது வீட்டில் நேரமும் இல்லை என்று சொல்லப் போகிறார்கள். அழுகை வந்தது. வந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு வெளியே நின்ற ஜீப்பைப் பார்த்தார். "ஆக்னஸு, பேக்கப்புப் பெட்டி இப்பந்தான போகுது? இவனையும் ஏத்து."

"பதிவேட்டுல ஏறாத எதுவும் ஜீப்புல ஏறப்பிடாது. ஆளுன்னு ஒரு கட்டமே கெடையாது. பொருளுதான்."

"அப்பம் பொருளாவே எழுது."

மீரான் பாய் அரக்கை உருக்கினார், அதே தோசைக்கல்லில். அண்ணாச்சி என் சட்டைப் பையில் சீட்டு ஒட்டினார்: 'காப்புப் பிரதி எண் 9. நிமிர்த்தி வைக்கவும். ஈரம் படக் கூடாது.' மேல் பொத்தானில் நூல் கட்டி, முத்திரை குத்தினார். "கண்ணத் தொடச்சுக்கோலே, ஈரம் படக் கூடாதுன்னு போட்ருக்கு," என்றார். அனுப்பும் நேரம் என்ற கட்டத்தில், விதிப்படி, சர்வர் நேரத்தைத்தான் எழுத வேண்டும். ஜீப் கிளம்பும்போது கேண்டீன் கடிகாரம் சரியாக நாலு காட்டியது.

"பாத்தியா? நாலு மணிக்குக் கிளம்பணும்னே, கிளம்பிட்டே!" என்று பின்னாலிருந்து கத்தினார்.

பெண் வீட்டு வாசலில் நான் இறங்கியபோது அவளுடைய அண்ணன் தோளில் பையோடு செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா என்னை முறைத்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் ஆக்னஸ் அக்கா என்னைத் தாண்டி உள்ளே போய், "பெறுபவர் கையெழுத்துப் போடாம பொருள விட்டுட்டுப் போக முடியாது," என்று பதிவேட்டை நீட்டினார். வீடே என் சட்டையைப் பார்த்தது. சீட்டைக் கிழிக்க எனக்கு மறந்தே போயிருந்தது.

உள்ளேயிருந்து செண்பகவல்லி வந்தாள். பதிவேட்டை வாங்கி, கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே வரி வரியாகப் படித்தாள். "நாலு மணிக்குக் கிளம்பிருக்கு. ஒண்ணர மணி நேர வழி. இப்பம் ஆறு பதிமூணு. நாப்பத்து மூணு நிமிசம் எங்க போச்சு?"

பொய் சொல்ல எனக்கு வராது. சர்வர், கைக்கடிகாரம், யானை, ஹாரன், சூரியன் உள்ளே போனது வரை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். குரங்கு வந்த இடத்தில் அவளுடைய அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வளைகாப்பு வந்த இடத்தில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரித்து முடித்துக் கேட்டாள், "அங்க நெட்டு கெடையாதோ?"

"கெடையாது."

"தபாலு வருமா?"

"வெள்ளிக்கெழம ஜீப்புல வரும்."

பேனாவை வாங்கினாள். குறிப்பு என்ற கட்டத்தில் எழுதியதை ஆக்னஸ் அக்கா உரக்கப் படித்தார்: "பொருள் சேதமின்றிக் கிடைத்தது. 43 நிமிடம் தாமதம். திருப்பி அனுப்பும் உத்தேசம் இல்லை."

அண்ணன் ரயிலை விட்டுவிட்டார். அவரை மறுநாள் பஸ் ஏற்றியது தனிக் கதை.

இப்போது அண்ணாச்சி கேண்டீனில், "நெட்டு இல்லாமலே ஒரு மாப்பிள்ளைய அம்பைக்கு டவுன்லோடு பண்ணுனவன் நான்," என்று அளக்கிறார். புதிதாக வந்தவர்கள் அதைத்தான் முதலில் தள்ளிவிடுகிறார்கள்.

கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று அவருக்கும் உறைத்தது. சரியான நேரம் தெரிவிக்கும்படி செண்பகவல்லிக்கே கடிதம் எழுதினார். அடுத்த வெள்ளி பதில் வந்தது, தபால் முத்திரையோடு: 'இப்போது மணி சரியாகப் பத்து.' ஜீப் மலையேறி வர ஒன்றரை மணி நேரம். அண்ணாச்சி கடிதத்தைப் பிரித்தார், படித்தார், எட்டு சர்வரிலும் பத்து மணி என்று வைத்தார்.

கல்யாணத்துக்கு நான் ஹாரனைக் கேட்டுத்தான் கிளம்பினேன்.