வெள்ளெலி ஓட்டிய பருந்து

காட்டோரத்து வளையில் ஒரு வெள்ளெலி தன் மனைவியோடும் ஏழு குட்டிகளோடும் வாழ்ந்தது. வளைக்கு வெளியே தினை கதிர் விட்டிருந்தது. கதிர் முற்ற இன்னும் ஐந்து நாள் இருந்தது. அதற்குள் நாற்பது கிளிகள் வந்துவிட்டன.

வெள்ளெலி ஓடி ஓடித் துரத்தியது. ஒரு கிளிகூடப் பயப்படவில்லை.

"ஓரமாக நில் தம்பி! தெரியாமல் மிதித்துவிடப் போகிறேன்!" என்றது ஒரு கிளி.

பக்கத்து மரத்தில் கைவேலை தெரிந்த குரங்கு ஒன்று இருந்தது. அது தெர்மாகோலில் பருந்து போலவே ஒரு விமானம் செய்து வைத்திருந்தது. அதை ஓட்ட ஒரு பெட்டி. பெட்டியில் இரண்டு குச்சிகள். ஒன்று வேகத்துக்கு, மற்றது திருப்புவதற்கு. பெட்டியைத் தரையில் வைத்துக் குச்சியை அசைத்தால் வானத்தில் விமானம் அசையும்.

"எடுத்துக்கொண்டு போ! முன்னால் சுழலும் விசிறி ஐந்து தருகிறேன். ஆறாவது கேட்காதே!" என்றது குரங்கு.

"நீங்களே ஓட்டித் தரக் கூடாதா அண்ணே?"

"தினை உன்னுடையது அல்லவா? நான் மேலிருந்து சொல்லித் தருகிறேன்!"

பெட்டி வெள்ளெலியைவிடப் பெரியது. குச்சியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, காலை ஊன்றி, முழு உடம்பாலும் தள்ள வேண்டியிருந்தது. தள்ளியதும் விமானம் ஒரேயடியாகச் சாய்ந்தது. வெள்ளெலி பதறிப்போய்க் குச்சியை எதிர்ப்பக்கம் தள்ளியது. விமானம் அந்தப் பக்கம் கவிழ்ந்து, மூக்குக் குத்தி விழுந்தது.

"உன்னைப் பார்த்து வரும்போது இடதும் வலதும் மாறும், எலியே!" என்று குரங்கு கத்தியது.

"விலகிப் போகும்போது?"

"அப்போது மாறாது!"

"குறுக்கே போகும்போது?"

குரங்கு சற்று யோசித்தது. "கேள்வி கேட்காதே! விமானத்தைப் பார்!"

நான்கு நாள் இப்படியே போயிற்று. விழுந்தது பதினான்கு முறை. உடைந்த விசிறி நான்கு. இறக்கையில் வேலம்பிசின் ஒட்டுகள் ஒன்பது. தினையில் பாதி கிளிகளின் வயிற்றில்.

"இன்றைக்கு வேடிக்கை எப்போது ஆரம்பம்?" என்று கிளிகள் கதிரில் உட்கார்ந்தபடியே கேட்டன.

ஐந்தாம் நாள் காலை மனைவி, "ஒரு வாய் சாப்பிட்டுவிட்டாவது போங்கள்," என்றாள். வெள்ளெலிக்கு மெல்லக்கூடத் தெம்பில்லை. கடைசி விசிறியை மாட்டியது. இதுவும் உடைந்தால் மழைக்காலத்துக்கு ஒன்பது பேருக்கும் பட்டினிதான்.

விமானம் ஏறியது. சாய்ந்தது.

"இடது! இல்லை, வலது! இழு, இழு!" என்று குரங்கு குதித்தது.

வெள்ளெலி குச்சியைக் கட்டிப்பிடித்தது. ஆனால் கையில் வலு இல்லை. குச்சி நழுவியது. வெள்ளெலி அப்படியே பெட்டியின் மேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டது. 'விழட்டும். என்னால் ஆகாது' என்று நினைத்தது.

விழுந்த சத்தம் வரவில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தது. பிடி விட்டதும் குச்சி தானாக நடுவுக்கு வந்து நின்றிருந்தது. சாய்ந்த இறக்கையும் தானாகவே நிமிர்ந்திருந்தது. விமானம் நேராக, நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது!

வெள்ளெலி எழுந்து, ஒரே விரலால் குச்சியைத் தொட்டது. உடனே கையை எடுத்தது. விமானம் மெல்லத் திரும்பியது. மறுபடி தொட்டது, எடுத்தது. நிஜப் பருந்து வட்டமிடுவது போலவே அதன் நிழல் தினையின் மேல் ஊர்ந்து வந்தது.

"பருந்து! பருந்து!" என்று அலறிக்கொண்டு நாற்பது கிளிகளும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பறந்தன.

விமானம் புல்லில் வந்து இறங்கியது. விசிறி உடையவில்லை.

"பார்த்தாயா! நான் சொல்லித் தந்தபடியே செய்தாய்!" என்றது குரங்கு.

வெள்ளெலி மிச்சமிருந்த பாதித் தினையை அறுக்க மனைவியைக் கூப்பிட்டது.

பதறிப் பதறித் திருத்துகிறவன் வேலையைக் கெடுக்கிறான். அளவாகத் தொட்டு, உடனே கையை எடுக்கத் தெரிந்தவனுக்கே அது வசப்படுகிறது.