தற்காலிகம் என்று எழுதிய வரி

"உள்ளே ஒரு ஈ நுழைய முடியாது மேடம். அப்படி அடைச்சு வெச்சிருந்தேன். எப்படிப் போச்சு?"

அருளப்பனுக்கு ஐம்பது வயது. திருச்சியிலிருந்து பஸ் ஏறி மதுரைக்கு வந்திருந்தார். எதிரே இருந்த ரெஹானாவுக்கு முப்பத்து நான்கு. அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவள்.

"நுழையறதுக்கு அடைச்சீங்க. வெளியே போறதுக்கு?"



போனது ஒரு பட்டியல். அடிக்குப் பயந்து ஓடிவந்த பெண்கள், காப்பகத்தின் ரகசிய வீடுகளில் யார் எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியல். நாற்பத்து மூன்று பேர். காப்பகத்தின் கிளவுட் சர்வருக்கு அருளப்பன்தான் காவல்.

நேற்றுக் காலை ஒரு வீட்டு வாசலில் ஒரு கணவன் வந்து நின்றான்.

அவன் மனைவி மங்கையர்க்கரசி இப்போது ஆஸ்பத்திரியில். இன்னும் கண் திறக்கவில்லை.

"விதிகளைக் காட்டுங்க."

அச்செடுத்து வந்த தாளை நீட்டினார். சர்வர் வெளியே யார் யாரோடு பேசலாம் என்று வரி வரியாக. ஒவ்வொன்றின் எதிரிலும் அனுமதி கேட்டவர் பெயர், காரணம்.

ரெஹானாவின் விரல் கடைசி வரியில் நின்றது.

எல்லா இடத்துக்கும். எல்லா வழியிலும். தற்காலிகம்.

பெயர் இல்லை.

"இது யார் கேட்டது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"மாமனார் காரியம் அன்னைக்கு. பந்தியில உட்கார்ந்திருக்கேன், மெயில் போகலைன்னு போன் மேல போன். எதைத் திறக்கணும்னு தேடப் பொறுமையில்லை. மொத்தமாத் திறந்துவிட்டேன். சாயங்காலம் மூடிக்கலாம்னு..."

"எத்தனை நாளாச்சு?"

"ஏழு மாசம்."

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அவர் அழுதார். சோறு இறங்கவில்லை என்றார். ராஜினாமா எழுதிக்கொடுத்துவிடுகிறேன் என்றார். அந்தப் பெண் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றார். இந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவ என்றார்.

டீயில் ஆடை படிந்தது.

"மத்தவங்க?" என்றாள் ரெஹானா.

"நாற்பத்திரண்டு பேரையும் நேத்தே மாத்தியாச்சு மேடம். எல்லாம் புது வீடு. ஒருத்தருக்கும் தெரியாது."

"புது முகவரியெல்லாம் எங்க எழுதியிருக்கு?"

"அதே சர்வர்லதான்."

ரெஹானா தாளைக் கீழே வைத்தாள்.

"சார், பஸ் ஏறறதுக்கு முன்னாடி இந்தக் கடைசி வரியை எடுத்துட்டீங்க இல்ல?"

அருளப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."