முதல் சிரங்கு ஏன் தாமதித்து அரிக்கிறது

அந்தக் காலத்தில், பூச்சி பொட்டெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, மனிதனின் ரத்தத்துக்குள் இருக்கும் காவலும் பேசும். சொன்ன பேச்சைக் கேட்கவும் செய்யும். "நில்" என்றால் நிற்கும், "அடி" என்றால் அடிக்கும்.

அப்போது மாட்டுச் சந்தையில் கொம்பையா என்றொரு தரகன் இருந்தான். சாணி அள்ளிப் பிழைத்தவன், ஏமாந்து ஏமாந்தே வியாபாரம் படித்தவன். மூக்குக்கு மேல் கோபம். அங்கே விலையை வாயால் சொல்லமாட்டார்கள். கையைத் துண்டால் மூடி, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேசுவார்கள். அந்தப் பேச்சில் கொம்பையாவை ஜெயித்த ஆள் கிடையாது.

ஒருநாள் துண்டுக்குள் சிரங்குப் பூச்சி ஒருத்தி அவன் விரலிடுக்கில் ஏறினாள். கண்ணுக்கே தெரியாத உருவம்.

"அண்ணாச்சி, வெயில் தாங்கலை. இந்த இடுக்குல ஒரு வளை தோண்டிக்கிடட்டுமா?"

"நசுக்கிப்புடுவேன், ஓடு."

"சும்மா கேக்கலை. எதிராளி விரல் எந்த விலைக்கு நடுங்குதுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லுதேன்."

கொம்பையாவுக்கு ஆசை தட்டியது. ஆனாலும் பேரம் பேசாமல் விடுவானா?

"நீ ஒருத்திதான். அடுத்த அமாவாசை வரைக்கும்தான்."

"சரி. அதுவரை உங்க காவல் என்னைத் தொடக் கூடாது."

ரத்தத்துக்குள்ளிருந்து காவல் கத்தியது: "வேண்டாம்வே! தோலைத் தோண்டுதவளுக்கு இடம் கொடுக்காதீரும்."

"எனக்கே வியாபாரம் சொல்லித் தாரியா? வாயை மூடிட்டுப் படு!"

காவல் படுத்துக்கொண்டது.

அந்த மாதம் அவன் கை வைத்ததெல்லாம் லாபம். உடம்பில் ஒரு தடிப்பு இல்லை. அமாவாசையன்று விரலை விரித்துப் பார்த்தால், இடுக்கெல்லாம் கோடு கோடாக வளை. மணிக்கட்டு, அக்குள், இடுப்பு என்று கும்பல் கும்பலாகக் குடியிருப்பு.

"ஏட்டி, ஒருத்தின்னுதானே பேசினோம்!"

"நான் ஒருத்திதானே அண்ணாச்சி. மத்ததெல்லாம் என் பிள்ளைக. வரும்போதே நான் சினை. நீங்க கேக்கவே இல்லையே?"

பசுவின் பல்லைப் பிடித்துப் பார்க்கும் முன்பே "சினையா?" என்று கேட்கிற வாய் கொம்பையாவுக்கு.

"அடி!" என்று அலறினான்.

காவல் எழுந்தது. இருந்த ஆத்திரத்தில் பூச்சி எது, தோல் எது என்று பார்க்காமல் அடித்தது. உடம்பெல்லாம் சிவந்து தடித்து அரித்தது. துண்டுக்குள் அவனோடு விரல் கோத்தவர்கள் வீட்டிலும் சிரங்கு. சந்தையில் அவன் துண்டை விரித்தால், அவனவன் கையைக் கட்டிக்கொண்டு நகர்ந்தான். கை கொடுக்க ஆளில்லாதவன் என்ன தரகன்?

கந்தகத்தை எண்ணெயில் குழைத்து வீட்டிலுள்ள எல்லோரும் பூசிக்கொண்ட பிறகுதான் பூச்சிகள் செத்தன. செத்த பிறகும் அரிப்பு நிற்கவில்லை.

"அதான் எல்லாம் போயாச்சே, நிறுத்தேன்" என்று கெஞ்சினான் கொம்பையா.

"நிறுத்துறப்ப நிறுத்துவேன்" என்றது காவல். "நீர் கொடுத்த வாக்கு மனுச வம்சத்துல ஆளுக்கு ஒரு தடவை நிக்கும். அதை நான் மீற மாட்டேன். மறுதடவை வந்தா, வாடை பட்டதுமே அடிப்பேன். உம்மகிட்ட கேக்கவும் மாட்டேன், பேசவும் மாட்டேன்."

அதோடு வாயை மூடியதுதான்.

அன்றிலிருந்துதான் சிரங்கு முதல்முறை ஒட்டும்போது வாரக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கிறது. மறுமுறை ஒட்டினாலோ, யார் உத்தரவுக்கும் காத்திராமல் ஓரிரு நாளிலேயே அரிப்பெடுத்துவிடுகிறது.