முதலையின் ஓசிச் சவாரி

காட்டாற்றில் ஒரு முதலை இருந்தது. பலே கெட்டிக்கார முதலை! பேராசையும் அதே அளவு.

அக்கரைப் பாறைகளில் நண்டு கொழிக்கும். ஆமைகள்தான் காட்டு மிருகங்களை முதுகில் ஏற்றிப் போய், திரும்பக் கொண்டுவந்து விடும். கூலி ஒரு நண்டு. ஒருநாள் முதலை கூவியது: "என் முதுகில் ஏறுங்கள்! கூலியே வேண்டாம்!"

ஓசி என்றால் யாருக்குக் கசக்கும்? எல்லோரும் முதலையிடம் ஓடினார்கள். பிழைப்பு போன ஆமைகள் வேறு மடுவுக்குப் போய்விட்டன. உடனே முதலை பேச்சை மாற்றியது.

"இனிமேல் பிடித்ததில் பாதி எனக்கு!"

கீரி தன் நண்டு மூட்டையைப் பார்த்தது. அது கொண்டுவரும் நண்டுதான் குட்டிகளுக்குச் சாப்பாடு. பாதி போனால் பாவம், அவை அரைவயிற்றோடு அழும்.

"நரி மட்டும் ஒரே நண்டுதானே தருகிறது?" என்று கேட்டது கீரி.

"நரியார் பெரிய மூட்டைக்காரர், எனக்கு வேண்டியவர். உன்னைப் போலவா?"

கீரி யானை ராஜாவிடம் முறையிட்டது. கூட வந்த காட்டுப்பூனை கொதித்தது: "முதலையைக் கொன்றுவிடுங்கள் ராஜா!"

"ஐயோ, வேண்டாம்! நல்ல அகலமான முதுகு அது. கொஞ்சம் கட்டுப்பாடுதான் வேண்டும்" என்றது கீரி.

யானை ஆற்றங்கரைக்கு வந்தது. "எல்லோருக்கும் ஒரே கூலி, ஒரு நண்டு. ஆமைகளும் திரும்பி வரலாம். அவற்றை நீ தொடக்கூடாது!"

"என் முதுகு, என் இஷ்டம்!" என்று சீறியது முதலை.

"முதுகு உன்னுடையது. ஆறு எல்லோருக்கும் பொது!"

காவலுக்கு ஆள்காட்டிக் குருவியை வைத்தது யானை. எதைப் பார்த்தாலும் ஊரைக் கூட்டாமல் அதற்குத் தூக்கம் வராது!

அன்று சாயங்காலமே முதலை கீரியை நடு ஆற்றில் நிறுத்தியது. "பாதியைக் கொடு! இல்லாவிட்டால் இறங்கி நீந்து!" கீரி மூட்டையை இறுகக் கட்டிக்கொண்டது. மேலே குருவி வட்டமிட்டது.

"சும்மா இரு குருவி! உனக்கும் நண்டு தருகிறேன்!" என்றது முதலை.

குருவியாவது, சும்மா இருப்பதாவது! கத்திய கத்தலில் காடே கூடிவிட்டது. யானை தண்ணீரில் இறங்கி, கீரியை மூட்டையோடு தூக்கிக் கரை சேர்த்தது. "மழைக்காலம் வரை நீ யாரையும் சவாரி ஏற்றக்கூடாது!" என்று முதலையிடம் சொல்லிவிட்டது.

ஆமைகள் சந்தோஷமாகத் திரும்பி வந்தன. மழை வந்ததும் முதலையும் வந்தது. கீரி மூட்டையோடு ஏறியது.

"எவ்வளவு?"

முதலை வானத்தைப் பார்த்தது. குருவி இருந்தது.

"ஒரு நண்டு, கீரியம்மா" என்றது முதலை. குட்டிகள் அன்று வயிறு நிறையத் தின்றன.

பலசாலியை ஒழிக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஒரே சட்டம் போட்டு, அதைக் கண்விழித்துக் காத்தால் எளியவரும் பிழைப்பார்கள்.