அழுங்கு தோண்டிய வெந்நீர்க் குழி

அந்தக் காலத்தில் விலங்குகள் மட்டுமில்லை, நிலமும் பேசும். எறும்பு தின்கிற அழுங்குக்கு அப்போது செதில் கிடையாது. உடம்பு முழுக்க முயல் மாதிரி மெத்தென்ற ரோமம்தான்.

ஒரு வருஷம் மலையை விட்டுப் பனி போய்த் தொலையவே இல்லை. மான்குட்டிகள் நின்ற இடத்திலேயே விறைத்துச் செத்தன. அழுங்குக்கு ஒரே ஒரு குட்டி. அம்மாவின் வாலில் தொற்றிக்கொண்டு நாளெல்லாம் நடுங்கியது.

"தோண்டத் தெரிஞ்சது நீ மட்டும்தான் அக்கா. கீழே சூடு இருக்காம். போய்ப் பாரேன்," என்றது குரங்கு. அதற்கு வாய் மட்டும்தான் வேலை செய்யும்.

அழுங்கு ஏழு நாள் தோண்டியது. எட்டாம் நாள் நகம் சுட்டது. பாறைக்கு அடியிலிருந்து நிலம் பேசியது.

"சூடு வேணும்னா எடுத்துக்கோ. ஆறின தண்ணியைத் திருப்பி என்கிட்டயே விட்டுடணும். உங்க மலை அந்தத் தண்ணி மேலதான் உக்காந்திருக்கு."

"சரி," என்றது அழுங்கு.

இரண்டு குழி போட்டது. ஒன்றில் வெந்நீர் பொங்கி வந்து பள்ளத்தில் தேங்கும். ஆறியதும் இன்னொரு குழி வழியாகக் கீழே போய்விடும். குட்டிக்கு நடுக்கம் நின்றது.

குரங்குக்கு இது போதவில்லை. நீந்திக் குதிக்கப் பெரிய குளம் வேண்டுமாம்.

"இவ்வளவு தண்ணி வீணாத்தானே போகுது?" என்று இரண்டாவது குழியில் ஒரு பாறையை உருட்டி அடைத்துவிட்டது.

அழுங்கு பார்த்துக்கொண்டுதான் இருந்தது. தடுக்கவில்லை. குளம் பெரிசானால் குட்டிக்கும் நல்லதுதானே என்று நினைத்தது. அதனால் தப்பு குரங்கு மேல் மட்டும் இல்லை.

பத்தே நாளில் வெந்நீர் குறைந்தது. பிறகு ஆவி மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை. குளம் சில்லிட்டது. காலடியில் நிலம் உறுமியது, கடிக்கப்போகிற நாய் மாதிரி.

"இன்னும் ஒரு முழம் தோண்டு அக்கா," என்றது குரங்கு.

"உனக்குக் கேக்குதா இல்லையாடா? அடியில காலியாயிடுச்சு."

"அதை விடு. உன் குட்டியைப் பாரு."

குட்டியின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அழுங்கு வெந்நீர் வந்த குழிக்குள் இறங்கியது. குட்டி வாலை விடவில்லை.

ஒரு முழம்கூட ஆகவில்லை. நகம் பட்ட பாறை முட்டை ஓடு மாதிரி விரிசல் விட்டு உடைந்தது. கீழே வெறும் இருட்டு. அந்த இருட்டுக்குள்ளிருந்து ஆவி சீறிக்கொண்டு வந்தது.

"அம்மா!"

ஓட நேரமில்லை. குட்டியை நெஞ்சுக்கு இழுத்து, அதைச் சுற்றிச் சுருண்டது அழுங்கு. ஆவி இரண்டையும் வெளியே தூக்கி எறிந்தது. அடுத்த மூச்சில் சரிவு மொத்தமும் உள்ளே இறங்கியது. குளம் போனது. குளத்தங்கரையில் நின்ற குரங்கும் போனது.

மூன்றாம் நாள் ஒரு மான் அழுங்கைக் கண்டது. உருண்டையாகக் கிடந்தது. முதுகு ரோமம் வெந்து, தகடு தகடாக இறுகியிருந்தது.

"எல்லாம் முடிஞ்சுது அக்கா. திற," என்றது மான்.

திறக்கவில்லை. உள்ளே குட்டி அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. குட்டி பிழைத்தது. அம்மாவும் பிழைத்தது, ஆனால் அதற்கப்புறம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

அன்று முதல்தான் அழுங்குக்கு முதுகெல்லாம் செதில், வயிற்றில் மட்டும் ரோமம். சருகு அசைந்தால்கூடச் சுருண்டுவிடும். குட்டியே இல்லாத அழுங்கும், நடுவில் ஒரு குட்டிக்கு இடம் விட்டுத்தான் சுருளும்.