முப்பத்தொன்றின் பொட்டு

ஓர் ஊரில் ஓர் இரும்பு அலமாரி இருந்தது. ராஜா ராணி காலத்துக் கதை இல்லை. போன வருஷத்துக் கதைதான். அவிநாசி சாலையில் ஒரு டீக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவில் அது நின்றுகொண்டிருந்தது. அதற்குள் பன்னிரண்டு அறைகள். ஓர் அறை மட்டும் வருகிறவருக்காகக் காலியாக இருக்கும். மற்ற அறைகளில் பேட்டரிகள் உட்கார்ந்து மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கும்.

மின்சார ஆட்டோக்காரர்கள் வருவார்கள். தீர்ந்துபோன பேட்டரியைக் காலி அறைக்குள் தள்ளுவார்கள். அதன் தலையில் ஒட்டியிருக்கும் எண் பதிந்த கட்டம்போட்ட சீட்டை அலமாரி உற்றுப் பார்க்கும். நம்முடையதுதான் என்று தெரிந்ததும் வேறோர் அறையைத் திறந்து, நிறைந்த பேட்டரி ஒன்றைக் கொடுக்கும். எல்லாம் இரண்டே நிமிஷம். டீ ஆறுவதற்குள் வண்டி கிளம்பிவிடும். ஆட்டோக்காரர்களுக்கு இதில் ஏகப்பட்ட சந்தோஷம். பேட்டரிகளை யாரும் கேட்கவில்லை.

முப்பத்தொன்றாம் எண் பேட்டரிக்கு இந்தப் பிழைப்பு பிடிக்கவே இல்லை. காலையில் ஒரு வண்டி, சாயங்காலம் ஒரு வண்டி. பள்ளிக்கூடப் பிள்ளைகள், தக்காளிக் கூடைகள், கல்யாண மண்டபத்துக்குப் போகும் அண்டாக்கள் என்று அது சுமக்காதது இல்லை. ஆனால் பாதி வழியில் தீர்ந்துவிடும், இறக்கிவிடுவார்கள். அந்தப் பிள்ளைகள் பரீட்சைக்குப் போய்ச் சேர்ந்தார்களா, அந்த அண்டாவில் என்ன சமைத்தார்கள், எதுவும் அதற்குத் தெரியாது. பக்கத்து அறைக்காரனிடம் பேசலாமென்றால் பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில் கதவு திறக்கும், அவனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

அலமாரிக்குப் பக்கத்தில் கார்களுக்கான சார்ஜ் கம்பம் ஒன்று உண்டு. வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு வெள்ளைக் கார் வந்து அதனிடம் ஒரு மணி நேரம் நிற்கும். அந்தக் காரின் வயிற்றுக்கடியில் திருகாணி போட்டு முடுக்கிய பெரிய பேட்டரி இருந்தது.

"நீ கொடுத்துவைத்தவன்," என்றது முப்பத்தொன்று. "ஒரே வண்டி, ஒரே ஆள்."

"ஆறு வருஷமாக ஒரே ஆள்தான்," என்றது கார் பேட்டரி. "வானம் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்னும் தெரியாது. அவர் கேபிளை மாட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். இந்தக் கம்பத்திடம் பேசினால் அது யூனிட்டைத் தவிர வேறெதையும் சொல்லாது."

"இருந்தாலும் நீ அவருடையவன்."

கார் பேட்டரி தன் கதையைச் சொன்னது. முன்பெல்லாம் ஒரு தடவை நிறைந்தால் முந்நூறு கிலோமீட்டர் ஓடுவேன், இப்போது நூற்றெண்பதுக்கே மூச்சு வாங்குகிறது என்றது. என்னைக் கழற்றி வேறு போடுவதற்குப் பதில் காரையே விற்றுவிடலாம் என்று நேற்று அவர் தன் மனைவியிடம் சொன்னார் என்றும் சொன்னது. "அப்போது நான் அவர் காலுக்கடியில்தான் இருந்தேன்," என்றது.

முப்பத்தொன்றின் காதில் இது விழுந்தது, மனசில் விழவில்லை. ஒரே ஆள் என்ற சொல்லிலேயே அது நின்றுவிட்டது.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு முப்பத்தொன்று மயிலாத்தாளின் ஆட்டோவில் இருந்தது. மயிலாத்தாள் நாற்பது வயதுக்காரி, தனி ஆளாக வண்டி ஓட்டிப் பிழைப்பவள். வண்டியைக் கழுவித் துடைத்தாள். ஹேண்டிலுக்கும் விளக்குக்கும் மூன்று சக்கரத்துக்கும் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் இட்டாள். கை போன போக்கில் இருக்கையைத் தூக்கி, உள்ளே இருந்த பேட்டரிக்கும் தலையில் ஒரு பொட்டு வைத்தாள். அது தன் பொருள் இல்லை, இன்று ஒன்று நாளை ஒன்று என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவளுக்கு நினைவே வரவில்லை.

"நல்லபடியா ஓடோணும் சாமி," என்றாள்.

முப்பத்தொன்று அப்படியே கரைந்துபோனது. தன்னுடைய பொருளுக்குத்தானே பொட்டு வைப்பார்கள்? எத்தனை பேர் தூக்கியிருக்கிறார்கள், எத்தனை பேர் தள்ளியிருக்கிறார்கள். தொட்டவள் இவள் ஒருத்திதான். இனி இவளை விட்டுப் போவதில்லை என்று அது முடிவு செய்தது.

மறுநாள் காலை மயிலாத்தாள் கிட்டுசாமியை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். கிட்டுசாமி ஓய்வுபெற்ற மில் தொழிலாளி. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்கு ஆஸ்பத்திரி போகிறவர். கூட வர யாரும் இல்லை. பத்து மணிக்குப் போய்ச் சேராவிட்டால் படுக்கையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள், அப்புறம் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். அவர் பாதங்கள் ஏற்கெனவே வீங்கியிருந்தன. மூச்சும் சீராக இல்லை.

பாதி வழியில் பேட்டரி தீரும் நிலைக்கு வந்தது. மயிலாத்தாள் அலமாரியிடம் நிறுத்தி, முப்பத்தொன்றைத் தூக்கிக் காலி அறைக்குள் தள்ளினாள்.

அலமாரி உற்றுப் பார்த்தது. சீட்டின் மேல் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன.

"முகம் தெரியவில்லை. எண்ணைச் சொல்," என்றது.

"நான் மயிலாத்தாளுடையவன்," என்றது முப்பத்தொன்று.

"அப்படி ஓர் எண் என்னிடம் இல்லை," என்று சொல்லி அலமாரி சிவப்பு விளக்கைப் போட்டது.

மயிலாத்தாள் வெளியே எடுத்து மறுபடி தள்ளினாள். மறுபடியும் அதே கேள்வி, அதே பதில், அதே சிவப்பு விளக்கு. கம்பெனிக்குப் போன் போட்டாள். எந்த மொழியில் பேச விருப்பம் என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ரோட்டில் இரண்டு ஆட்டோக்களைக் கை காட்டிப் பார்த்தாள். இரண்டிலும் ஆள் இருந்தது. வேறு வழியில்லாமல் முப்பத்தொன்றைத் திரும்பக் கொண்டுவந்து வண்டியிலேயே வைத்தாள்.

"நான் போகமாட்டேன், இங்கேயேதான் இருப்பேன்," என்று முப்பத்தொன்று ஆட்டோவிடம் பெருமையாகச் சொன்னது.

"தாராளமாக இரு," என்றது ஆட்டோ. "ஆஸ்பத்திரி இன்னும் ஆறு கிலோமீட்டர். உன்னிடம் எவ்வளவு இருக்கிறது?"

முப்பத்தொன்று தன்னைத் தடவிப் பார்த்துக்கொண்டது. "ஒன்றேகால் கிலோமீட்டர் இருக்கும்."

"சரி. ஒன்றேகால் கிலோமீட்டரில் அவரை இறக்கிவிட்டுவிடலாம்," என்றது ஆட்டோ. அதன் குரலில் கோபம்கூட இல்லை.

பின்னால் கிட்டுசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மயிலாத்தாள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைக் கண்டு, அவளைச் சமாதானப்படுத்துவதற்காகச் சிரித்தார்.

"உடு அம்மிணி. ஆனாலும் உன்ற வண்டி பரவால்ல. ரெண்டு நிமிசத்துல மாத்திப் போட்டுட்டுப் போயிருது. நானெல்லாம் நாலு மணி நேரம் ஒயர மாட்டிட்டுப் படுத்திருக்கோணும்."

"உங்களுக்கும் மாத்திப் போட முடியாதுங்களா ஐயா?"

"முடியும்னு டாக்டர் சொல்றாரு. அதுக்குக் கிட்னி குடுக்கறதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல," என்றார் கிட்டுசாமி. "எனக்கு யாரு இருக்கறா?"

அவர் அதை மணி என்ன என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். இருக்கைக்கடியில் முப்பத்தொன்று அதைக் கேட்டது. உலகத்திலேயே தான் ஒருவன்தான் யாரும் இல்லாதவன் என்று அது அதுவரை நினைத்துக்கொண்டிருந்தது. அதற்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

மயிலாத்தாள் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அதை எடுத்து அறைக்குள் தள்ளினாள். எரிச்சலில் அலமாரிக் கதவை ஓங்கித் தட்டினாள்.

"எண்ணைச் சொல்," என்றது அலமாரி.

"முப்பத்தொன்று."

பச்சை விளக்கு எரிந்தது. எட்டாம் எண் பேட்டரி இருந்த அறையின் கதவு திறந்தது.

"இதுக்கெல்லாம் நாலு தட்டு தட்டுனாத்தானுங்க கேக்குது," என்று சொல்லி மயிலாத்தாள் எட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது, மணி பத்தாகப் பதினைந்து நிமிஷம்தான் இருந்தது.

மத்தியானம் அலமாரியைப் பார்த்துக்கொள்ளும் ஆள் வந்தான். பேட்டரிக்குப் பொட்டு வைத்திருப்பதைக் கண்டு சிரித்துவிட்டு, ஈரத்துணியால் அழுந்தத் துடைத்தான்.

அதற்குப் பிறகு முப்பத்தொன்று எத்தனையோ வண்டிகளுக்குப் போய் வந்தது. பொட்டை மறந்துவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிட இன்னொன்று அதை அரித்துக்கொண்டே இருந்தது. பெரியவர் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தாரா? அலமாரியிடம் கேட்டது. எனக்கு உள்ளே வந்தது, வெளியே போனது மட்டும்தான் தெரியும் என்றது அலமாரி. வெள்ளைக் காரின் பேட்டரியிடம் மனசு விட்டுப் பேசலாம் என்று காத்திருந்தது. அந்தக் காரை விற்றுவிட்டார்கள், இனி வராது என்று கம்பம் ஒரு வரியில் சொல்லி முடித்தது.

ஒரு வாரம் கழித்து முப்பத்தொன்று தீர்ந்துபோய்த் திரும்பி வந்தபோது, பக்கத்து அறையில் எட்டு நிறைந்து உட்கார்ந்திருந்தது.

"ஆயுத பூஜைக்கு மறுநாள் ஒரு பெரியவர். பாதம் வீங்கியிருக்கும். நினைவிருக்கிறதா?"

எட்டு யோசித்தது. "இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினார். பத்துக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. இறங்கும்போது இருக்கையைத் தட்டிக்கொடுத்து, 'நல்லாக் கொண்டாந்து சேத்தீட்ட' என்று சொன்னார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. ஏன் கேட்கிறாய்?"

முப்பத்தொன்று சுமந்த அத்தனை பயணங்களில் ஒன்றுக்காவது முடிவு தெரிந்துவிட்டது. அந்த ஒன்றேகால் கிலோமீட்டரை, மூன்றாம் தடவை எண்ணைச் சொன்னதை, பொட்டை, எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தன் பாதியைச் சொல்லலாம் என்று திரும்பியது.

பக்கத்து அறை காலியாக இருந்தது.