தலைமை போர்டு

செங்கோடனுக்கு அன்று பெருமையில் தலைகால் புரியவில்லை. நூல் மில்லில் மெஷினுக்கு ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, அதை ஓட்டவும் நிறுத்தவும். அந்த போர்டுகள் தங்களுக்குள் சேதி சொல்லிக்கொள்ளும் ஒயர் இணைப்பை அமைத்தவர் அவர். யாராவது கை மாட்டிக்கொண்டு சிவப்புப் பொத்தானை அமுக்கினால், வரிசை மொத்தமும் நிற்க வேண்டும். அவர் மனைவி ருக்மணிக்கும் அந்த வரிசையில்தான் வேலை.

அவருக்கு இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவர் மரகதம். வயதில் அவரைவிட இளையவர். பீளமேட்டுப் பட்டறையில் மரகதம் தலையசைக்காமல் ஒரு போர்டும் வெளியே போகாது.

"போர்டெல்லாம் எப்படிப் பேசிக்குதுங்க?" என்று கேட்டார் மரகதம்.

"தலைமை போர்டு ஒண்ணு இருக்குதுங்க மேடம். அது ஒவ்வொண்ணுகிட்டயும் சேதி உண்டான்னு கேக்கும். கேக்காம எதுவும் வாயத் தொறக்காதுங்க."

"கார்ல போடற கேன் இணைப்பைப் போட்டிருக்கலாமே?"

"அதுல ஆளாளுக்குப் பேசும். கட்டுப்பாடே இருக்காதுங்க."

மரகதம் பட்டறை ஆட்களை மேசையோரம் வரிசையாக உட்காரவைத்தார். தானும் கடைசியில், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்கதான் தலைமை. கேளுங்க."

செங்கோடன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"சேதி உண்டா?"

"இல்லீங்க."

அடுத்தவரிடம் போனார். நடுவில் ஒருவர் தும்மியதற்கு முறைக்கவும் செய்தார். கடைசியாக மரகதத்திடம் வந்தபோதுதான் பார்த்தார். வைஸின் இரும்பு வாய்க்குள் அவருடைய விரல். பிடியை அவரே முறுக்கியிருந்தார். நகம் கன்றிப்போயிருந்தது.

செங்கோடன் பதறிப்போய் வைஸைத் தளர்த்தினார். "ஏனுங்க மேடம், கூப்பிட்டிருக்கலாமல்லங்க?"

"நீங்க இன்னும் கேக்கலையே."

"போர்டு இவ்வளவு மெதுவா சுத்தாதுங்க. கண்ணிமைக்கறதுக்குள்ள எல்லாத்தையும் கேட்டுரும்."

"தலைமை போர்டே புகைஞ்சு போச்சுன்னா?"

அது புகைந்தால் ஒரு பொத்தானின் சேதியும் போகாது என்று செங்கோடனுக்கு உறைத்தது. ஆசை ஆசையாகச் செய்த வேலையைப் பிரிக்க மனசு வலித்தது. ஆனாலும் பிரித்தார். கேனுக்கான இரண்டு ஒயரையும் முறுக்கி இழுத்தார். இதில் எல்லா போர்டும் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும், எது வேண்டுமானாலும் முந்திப் பேசலாம். இரண்டு ஒரே நேரத்தில் வாயெடுத்தால், அவசரம் குறைந்தது தானாக அடங்கிவிடும். அவசரமானது தடங்கலில்லாமல் பேசி முடிக்கும். பொத்தானின் சேதியை எல்லாவற்றுக்கும் முந்தியதாக வைத்தார்.

மில்லில் மாட்டிய அன்று ருக்மணியையே அமுக்கச் சொன்னார். வரிசை மொத்தமும் நின்றது. ருக்மணி புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். இந்தத் தடவை செங்கோடனுக்கு வந்த பெருமை வேறு மாதிரி இருந்தது. பட்டறைக்குத் திரும்பியதும் மரகதத்திடம் போய் நின்றார்.

"மேடம், மேனேஜர் தலைமை போர்டு எதுன்னு கேக்கறாருங்க. பேர் ஒட்டணுமாம். நான் என்னன்னு சொல்றதுங்க?"

மரகதம் கறுத்துப்போன நகத்தைத் தடவிக்கொண்டார்.

"யாரு விரல் மாட்டுதோ, அந்த நேரத்துக்கு அவங்க மெஷினோட போர்டுதான் தலைமைன்னு சொல்லுங்க."